சில்க் ரூட்: இரண்டு தொகுப்புகளோடு கலைந்த ஒரு தில்லி இசைக்குழு

1998ஆம் ஆண்டு ‘பூந்தேன்’ என்னும் பெயரில் ஓர் இந்தி இசைத்தொகுப்பு வெளிவந்தது. பெயரின் பொருள் ‘துளிகள்’. அதனை உருவாக்கிய இசைக்குழுவின் பெயர் சில்க் ரூட். தில்லியைச் சேர்ந்த அக்குழுவில் நால்வர் இருந்தனர்: மோகித் சௌகான், அதுல் மித்தல், கெம் திரிவேதி, கென்னி பூரி. தொகுப்பிலிருந்த ‘டூபா டூபா’ என்ற பாடல் அவ்வாண்டு இசைத் தொலைக்காட்சிகளில் ஓயாமல் ஒலித்தது. 2000இல் ‘பெஹ்சான்’ என்ற இரண்டாம் தொகுப்பு வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் குழு இல்லாமற்போயிற்று.

கால் நூற்றாண்டுக்குப் பிறகும் ‘டூபா டூபா’வை முணுமுணுப்போர் பலர். யார் பாடியது என்று கேட்டால் மோகித் சௌகான் என்பார்கள். அது தவறில்லை. ஆனால் அந்த விடையில் மூன்று பெயர்கள் விடுபட்டுப்போகின்றன. அவற்றோடு சேர்ந்து ‘இசைக்குழு’ என்ற அமைப்பும் விடுபட்டுப்போகிறது. ஒரு குழு குறுகிய காலத்தில் கலைந்ததற்கும், அதன் ஒலி மட்டும் ஒற்றைக் குரலாக நீடித்ததற்கும் பின்னால் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. தில்லியின் ராக் இசை வரலாற்றை எழுத முனைவோர் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

இக்குழுவின் ஒலியைப் புரிந்துகொள்ள, முதலில் வேறொரு தலைநகருக்குச் சென்று திரும்புவது உதவும்.

*

1980களின் நடுவில் வாஷிங்டனில் பங்க் இசை அரசியல் சினமும் உடல் வேகமும் கொண்டதாக இருந்தது. அந்தச் சூழலில் 1984இல் ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ என்றொரு குழு தோன்றியது. கை பிச்சியோட்டோ, எடி ஜேனி, மைக் ஃபெல்லோஸ், பிரெண்டன் கான்டி என்னும் நால்வர் அதில் இருந்தனர். பங்க் இசையின் வேகத்தையும் இரைச்சலையும் அவர்கள் கைவிடவில்லை. பாடுபொருளைத்தான் மாற்றினர். அரசையும் காவல்துறையையும் நோக்கி எழுந்த குரல், இழப்பையும் நினைவையும் தன் உள்ளத்தின் உடைவையும் நோக்கித் திரும்பியது. 1985இல் ஒரு தொகுப்பு வெளியானது. மேடையேறிய நிகழ்ச்சிகள் இருபதுக்கும் குறைவு. 1986இல் குழு கலைந்தது. ‘எமோ’ என்று பின்னர் உலகெங்கும் பரவிய இசைவகையின் தொடக்கமாக இசை வரலாற்றாசிரியர்கள் சுட்டுவது இந்தக் குழுவையே. அந்தப் பெயரை அக்குழுவினர் ஏற்றதில்லை. உணர்ச்சி என்பது பாடலின் பொது இயல்பு. அதை ஒரு தனி வகையின் அடையாளமாக்குவது நகைப்புக்குரியது என்பதே அவர்கள் நிலை.

தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு இந்த மாற்றம் புதிதாகத் தோன்றாது. புறப்பாடலின் களத்தில் நின்று அகப்பாடல் பாடிய நிகழ்வு என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். உவமை முழுமையாகப் பொருந்தாது. அகத்திணைக்குரிய நிலம், பொழுது, கூற்று என்ற கட்டமைப்பு ராக் இசையில் இல்லை. எனினும் ஒரு கூறு இங்கே பயன்படும். அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. உணர்ச்சி யாருடையது என்று குறிக்கப்படாததால்தான் அது கேட்போர் அனைவருக்கும் உரியதாகிறது. சில்க் ரூட்டின் கதையில் இந்த மரபு மீண்டும் நினைவுக்கு வரும்.

சில்க் ரூட் எமோ குழு அன்று. அதன் இசையில் பங்க் வேகமோ அலறலோ இல்லை. ஆனால் வாஷிங்டனில் அந்தக் குழு எழுப்பிய கேள்வியை, தில்லியில், இந்தியில், வேறொரு ஒலியில் எழுப்பிய குழு இது: குழுவாக நின்று இசைக்கும் நால்வரின் பாட்டு, ஒரு தனி மனத்தின் துயரைத் தன் முழுப் பொருளாகக் கொள்ள இயலுமா?

*

1990களின் தில்லியில் சொந்தப் பாடல்களை இசைக்கும் குழுக்கள் ஒரு தலைமுறையாகத் திரண்டு நின்றன. தமிழ்நாட்டுச் சூழலில் ‘இசைக்குழு’ என்றால் திருவிழாவிலும் திருமணத்திலும் திரைப்பாடல்களை மேடையில் மறுபடி இசைக்கும் மெல்லிசைக் குழுவே நினைவுக்கு வரும். தில்லிக் குழுக்கள் அவ்வாறானவை அல்ல. தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே இசைப்பது அவற்றின் அடிப்படை நெறி.

இவற்றுள் நான்கினை ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். பலாஷ் சென் மருத்துவ மாணவராக இருந்தபோது 1988இல் தொடங்கிய யூஃபோரியா, 1998இல் ‘தூம்’ தொகுப்பின் மூலம் இந்தி ராக் இசையைக் கொண்டாட்டமாக மாற்றியது. 1990இல் சுஷ்மித் சென்னும் அசீம் சக்ரவர்த்தியும் உருவாக்கிய இந்தியன் ஓஷன், நாட்டார் இசையையும் மக்கள் போராட்டப் பாடல்களையும் ராக் இசையோடு இணைத்தது. அதன் உறுப்பினர் ராகுல் ராம் நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் பணியாற்றியவர். அதன் ‘டெஸர்ட் ரெய்ன்’ தொகுப்பு, சப்தர் ஹஷ்மி நினைவாக 1997 புத்தாண்டு நாளில் நடந்த நிகழ்ச்சியில் நேரடியாகப் பதிவு செய்யப்பட்டது. 1991இல் கிரோரிமல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய பரிக்ரமா ஆங்கிலத்தில் பாடியது. காஷ்மீரில் காணாமற்போனவர்களுக்காகக் காத்திருப்போரின் துயரை ‘பட் இட் ரெய்ன்ட்’ என்ற அதன் பாடல் எடுத்துக்கொண்டது.

நான்காவது சில்க் ரூட். மற்ற மூன்றில் ஒன்று கூட்டத்தை ஆடவைத்தது. ஒன்று இயக்கங்களின் பாடலை ஏந்தியது. ஒன்று கல்லூரி விழாக்களின் ராக் மேடையை ஆண்டது. சில்க் ரூட்டின் இடம் இவை எவற்றிலும் இல்லை. தனியறையில் இருப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொற்களைப் போன்றது அதன் பாட்டு.

*

‘டூபா டூபா’ என்ற தலைப்புக்கு ‘மூழ்கி, மூழ்கி’ என்று பொருள். காதலின் நினைவில் அமிழ்ந்து கிடப்பவனின் கூற்று அது. வரிகளை எழுதியவர் பிரசூன் ஜோஷி. விளம்பரத் துறையில் பணியாற்றிய அவர் அப்போது திரைப்பாடலாசிரியராகப் பெயர் பெற்றிருக்கவில்லை. பாரசீகச் சொற்கள் நிறைந்த கஜல் நடையையோ அக்காலத் திரைப்பாடலின் சொல்லடுக்கையோ அவர் பின்பற்றவில்லை. பேச்சு வழக்குக்கு நெருக்கமான எளிய சொற்களை, திரும்பத் திரும்ப வருமாறு அமைத்தார். ஒரே சொல்லை அடுக்கி வைப்பதே பாடலின் தலைப்பாகவும் உணர்ச்சியாகவும் அமைந்தது.

ஒலியமைப்பிலும் இதே சிக்கனம் உண்டு. மின்கிதாரின் இரைச்சலுக்குப் பதில் தந்திகளை மென்மையாக மீட்டும் அக்கூஸ்டிக் கிதார் முன்னே நிற்கிறது. தாளக்கருவிகள் பாடலைத் துரத்துவதில்லை. அதன் கூடவே நடக்கின்றன. இடையிடையே மெல்லிய குழலோசை வந்து போகிறது. இவற்றுக்கு நடுவே மோகித் சௌகானின் குரல். அது பயிற்சி பெற்ற திரைக்குரலின் மெருகு கொண்டதன்று. இமாச்சலப் பிரதேசத்தின் நாகனில் பிறந்து, தர்மசாலாவில் நிலவியல் பயின்ற அவர், முறையான இசைப்பயிற்சி பெற்றவர் அல்லர். சற்றே கரகரத்து, சொல்லின் இறுதியில் காற்றாகக் கரையும் குரல் அது. மலைநாட்டுப் பாடல்களின் நீண்ட இழுவை அதில் கேட்கிறது. உச்சத்தை எட்டிக் கைத்தட்டல் பெறும் இடங்களை அது நாடுவதில்லை.

அக்கால இந்தித் திரைப்பாடலோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 1990களின் இந்தித் திரையிசையில் காதல் துயரம் பெரும்பாலும் நிறைந்த வாத்தியக் கோவையுடன், கதைத் திருப்பத்தின் மீது ஏறி வரும். யார் பாடுகிறார், யாரை எண்ணிப் பாடுகிறார், ஏன் பிரிந்தனர் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரியும். சில்க் ரூட்டின் பாடலுக்கு முன்கதை இல்லை, பின்கதையும் இல்லை. துயரத்தின் காரணம் சொல்லப்படுவதில்லை. அக்காலக் கல்லூரி விடுதிகளில் அப்பாடல் பரவியதற்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம் எனலாம். ஒவ்வொருவரும் தம் கதையை அதில் வைத்துக்கொள்ள இடம் இருந்தது. பெயர் சுட்டாத அகமரபு செய்யும் வேலையைக் கதை சுட்டாத இப்பாட்டும் செய்தது.

*

இத்தகைய இசை நாடெங்கும் சென்று சேர்வதற்கு ஒரு வழி வேண்டும். 1990களின் சில ஆண்டுகள் அந்த வழியைத் திறந்து வைத்திருந்தன.

அதற்கு இரு அடித்தளங்கள் இருந்தன. ஒன்று ஒலிநாடா. 1980களில் மலிவான ஒலிநாடாக்கள் பரவியபோது, திரையிசையின் ஏகபோகம் வட இந்தியாவில் எவ்வாறு தளர்ந்தது என்பதைப் பீட்டர் மானுவல் 1993இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டியது. பக்திப் பாடல், கஜல், வட்டார நாட்டார் பாடல் எனப் பலவும் தமக்கான சந்தையை அப்போது கண்டன. இரண்டாவது செயற்கைக்கோள் தொலைக்காட்சி. 1994இல் சேனல் வியும் 1996இல் எம்டிவி இந்தியாவும் வந்தன. இருபத்து நான்கு மணி நேரமும் இசை ஒளிபரப்ப வேண்டிய அலைவரிசைகளுக்கு ஏராளமான காணொளிகள் தேவைப்பட்டன. திரைப்படத்துக்கு வெளியே உருவான பாடல்களுக்கு முதன்முறையாக ஒரு காட்சி மேடை கிடைத்தது.

‘இண்டிபாப்’ என்று பெயர்பெற்ற அலை இவ்விரண்டின் மீது எழுந்தது. 1995இல் அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’, 1996இல் லக்கி அலியின் ‘சுனோ’, அதே ஆண்டில் ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் இணைந்த ‘கலோனியல் கஸின்ஸ்’, 1997இல் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘வந்தே மாதரம்’ என்று அடுத்தடுத்து வந்தவை தமிழ் இளைஞர்களுக்கும் அறிமுகமானவை. தூர்தர்ஷனும் திரைப்பாடலும் மட்டுமே இருந்த வீட்டுக் கூடத்தில், ஒரு பாடகர் தம் பெயரிலேயே, எந்த நடிகரின் வாயசைப்பும் இன்றித் தோன்றியது அந்தத் தலைமுறைக்குப் புதிய அனுபவம். சில்க் ரூட் இந்த அலையின் உச்சத்தில், 1998இல் நுழைந்தது. நீருக்கடியில் படமாக்கப்பட்ட காட்சிகள் கொண்ட ‘டூபா டூபா’ காணொளி, பாடலின் தலைப்பை அப்படியே காட்சியாக்கியது.

அந்த வழி விரைவில் அடைபட்டது. திரைப்பட இசை உரிமைகளை வாங்கிய பெருநிறுவனங்கள், படங்களை விளம்பரப்படுத்த அதே இசைத் தொலைக்காட்சிகளையே பயன்படுத்தத் தொடங்கின. கோடிக்கணக்கான ரூபாயில் எடுக்கப்பட்ட பாடற்காட்சி விளம்பரமாகவே கைக்கு வரும்போது, தனிப்பாடலுக்குத் தனியே செலவிட்டுக் காணொளி எடுக்கும் முதலீடு வீணாகத் தோன்றியது. திருட்டுக் குறுந்தகடும் எம்பி3 கோப்பும் ஒலிநாடா விற்பனையை அரித்தன. 2003இல் தில்லிக்கு வந்த தனியார் பண்பலை வானொலிகளும் திரைப்பாடல்களையே பெரிதும் நம்பின. இண்டிபாப் தோற்றது சுவை மாறியதால் என்று சொல்வதுண்டு. அதன் விநியோக வழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரைப்படத் துறையின் கைக்குச் சென்றன என்று சொல்வதே பொருந்தும்.

சில்க் ரூட்டின் இரண்டாம் தொகுப்பு வந்தது இந்தத் திருப்பத்தில்தான். ‘பெஹ்சான்’ என்ற சொல்லுக்கு ‘அடையாளம்’ என்று பொருள். அடையாளத்தைப் பெயராகக் கொண்ட அத்தொகுப்பு முதல் தொகுப்பின் பரவலை எட்டவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரு குழுவாக நீடிப்பதற்குச் செலவு உண்டு. பயிற்சிக்கு இடமும் நேரமும் வேண்டும். வருவாய் நான்காகப் பிரியும். தொகுப்பு விற்பனையையும் தொலைக்காட்சியையும் முதன்மையாக நம்பிய குழுவுக்கு அவ்விரண்டும் ஒருங்கே சுருங்கியபோது, கலைதல் ஏறத்தாழ எதிர்பார்க்கத்தக்க முடிவாயிற்று.

*

குழு கலைந்தபின் நடந்தவையே இவ்வரலாற்றின் சிக்கலான பகுதி.

2005இல் வந்த ‘மைன், மேரி பத்னி அவுர் வோ’ படத்தின் ‘குஞ்சா’ பாடல் மோகித் சௌகானின் குரலைத் திரைக்குக் கவனமாக அறிமுகப்படுத்தியது. 2006இல் தில்லி இளைஞர்களைப் பற்றிய ‘ரங் தே பசந்தி’யில் ரஹ்மானின் இசையில் ‘கூன் சலா’ பாடினார். அப்படத்தின் பாடல்களை எழுதியவர் பிரசூன் ஜோஷி. ‘டூபா டூபா’வின் பாடகரும் பாடலாசிரியரும் எட்டாண்டுகளுக்குப் பிறகு, சென்னையைச் சேர்ந்த ஓர் இசையமைப்பாளரின் இசையில் மீண்டும் இணைந்தனர். 2007இல் ‘ஜப் வி மெட்’ படத்தின் ‘தும் சே ஹி’ வந்தது. 2009இல் பழைய தில்லியின் தெருக்களில் நிகழும் ‘தில்லி-6’ படத்தில் ‘மசக்கலி’. அதன் வரிகளும் ஜோஷியுடையவை. அப்பாடலுக்காகச் சௌகான் சிறந்த பின்னணிப் பாடகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதைப் பெற்றார்.

2011இல் இம்தியாஸ் அலியின் ‘ராக்ஸ்டார்’ வெளிவந்தது. இவ்வரலாற்றுக்கு அப்படம் ஓர் ஆவணம் போன்றது. கதைநாயகன் ஜனார்தன் தில்லி இந்துக் கல்லூரி மாணவன். கிதார் வாசிப்பான், கேட்பாரில்லை. உள்ளம் உடையாதவனுக்கு இசை வராது என்று கல்லூரி உணவகக்காரர் சொல்கிறார். அவன் துயரத்தைத் தேடிப் போகிறான். பின்பு உண்மையான துயரம் வந்து சேரும்போது அவன் ஜோர்டன் என்னும் நட்சத்திரமாகிறான். நிஜாமுதீன் தர்கா, காஷ்மீர், பிராக் என்று படம் விரிகிறது. ஜோர்டனின் குரலாகப் படத்தின் பெரும்பாலான பாடல்களிலும் ஒலித்தவர் மோகித் சௌகான். அப்படத்தின் ‘ஜோ பி மைன்’ பாடலுக்கு மீண்டும் ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது.

உடைந்த உள்ளமே ராக் இசையின் ஊற்று என்னும் எமோவின் நம்பிக்கை, தில்லியைக் களமாகக் கொண்ட பெருந்திரைப்படம் ஒன்றின் கதைக்கருவாக ஆகிவிட்டது. அதற்குக் குரல் தந்தவர் உண்மையிலேயே தில்லியில் அத்தகைய ஒரு குழுவில் பாடியவர். ஆனால் படத்தில் குழு என்ற ஒன்று ஏறக்குறைய இல்லை. ஜோர்டனுக்குப் பின்னால் வாசிப்போர் உண்டு. அவர்களுக்குக் கதை இல்லை. ராக் இசை என்பது தனியொரு நாயகனின் துயரமாகவே காட்டப்படுகிறது. பின்னணிப் பாடல் முறை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றது. குரல் சௌகானுடையது, முகம் ரன்பீர் கபூருடையது, இசை ரஹ்மானுடையது, வரி இர்ஷாத் காமிலுடையது. நால்வர் ஓர் அறையில் அமர்ந்து கூடிச் செய்த வேலை, துறைவாரியாகப் பிரிக்கப்பட்ட உற்பத்தியாக மாறிற்று.

அகத்திணை மரபு இங்கே மீண்டும் துணைக்கு வருகிறது. நெடுநல்வாடை முழுவதும் தலைவியின் பிரிவுத்துயரைப் பாடுகிறது. எனினும் வேலில் வேம்பு கட்டியதைக் குறிப்பிடும் ஒரே இடம் பாண்டியனின் அடையாளப் பூவைச் சுட்டிவிட்டது என்பதால், அதனைப் புறம் என்று கொண்டார் நச்சினார்க்கினியர். ஓர் அடையாளக் குறி போதும். எல்லார்க்கும் உரிய துயரம் ஒருவனுக்கு உரியதாகிவிடும். 1998இன் ‘டூபா டூபா’வும் 2011இன் ‘ராக்ஸ்டார்’ பாடல்களும் ஒரே குரலில் ஒலிப்பவை. முன்னதில் துயரத்துக்கு முகமில்லை. பின்னதில் அது ஜோர்டனுடைய துயரம். இரண்டாவது வகை தாழ்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. ரஹ்மானின் அவ்விசை உயர்ந்த படைப்பு. ஆயினும் இரண்டும் வெவ்வேறு இலக்கிய வகைகள் போன்றவை. ஒன்றை மற்றதன் தொடர்ச்சி என்று மட்டும் எழுதினால் இடையில் நிகழ்ந்த இழப்பு மறைந்துவிடும்.

தமிழ்ச் சூழலும் இதற்கு விலக்கன்று. ரஹ்மானே இளமையில் சென்னையில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவில் இருந்தவர். அவர் வரலாற்றை எழுதுவோர் அக்குழுவை ஒரு வரியில் கடந்து ‘ரோஜா’வுக்குச் சென்றுவிடுகின்றனர். குழுக்கள் திரையிசைக்கான பயிற்சிக்களங்கள் என்ற பார்வை இந்திய இசை வரலாற்றெழுத்தில் ஆழமாகப் பதிந்துள்ளது. அவை தம்மளவில் முழுமையான படைப்பு அமைப்புகள் என்ற பார்வை இன்னும் வலுப்பெறவில்லை.

*

குறுகிய காலம் வாழ்ந்ததனால் ஒரு குழு மறக்கப்பட வேண்டும் என்பதில்லை. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் இரண்டே ஆண்டுகள் வாழ்ந்தது. ஆனால் அதன் தொகுப்பை வெளியிட்ட டிஸ்கார்ட் நிறுவனம், 1980இல் இசைக்கலைஞர்களே தம் நண்பர்களின் பாடல்களை வெளியிடத் தொடங்கியது. குழு கலைந்தபின்னும் அத்தொகுப்பை அது விற்பனையில் வைத்திருந்தது. நால்வரின் பெயரும் அதனுடன் இருந்தன. கை பிச்சியோட்டோவும் பிரெண்டன் கான்டியும் பின்பு ஃபுகாசி என்ற குழுவில் பெரும்புகழ் பெற்றபோதும், அது ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குச் சென்றதாகவே எழுதப்பட்டது. நினைவைக் காத்தது இசையின் தரம் மட்டுமன்று. வெளியீட்டு உரிமை யாரிடம் இருந்தது என்பதும்தான்.

தில்லியிலும் இதற்குச் சான்று உண்டு. இந்தியன் ஓஷன் நேரடி நிகழ்ச்சிகளை நம்பி வாழ்ந்தது. திரைப்படத்துக்கு இசையமைக்க நேர்ந்தபோது, ‘பிளாக் ஃப்ரைடே’ படத்தில், குழுவின் பெயரிலேயே சென்றது. 2009 டிசம்பரில் அசீம் சக்ரவர்த்தி மறைந்தபின்னும் குழு நிற்கவில்லை. தாம் பயிற்சி செய்த கரோல் பாக் வீட்டின் முகவரியையே தலைப்பாக்கி, ‘16/330 கஜூர் ரோடு’ தொகுப்பின் பாடல்களை 2010 முதல் ஒவ்வொன்றாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. பரிக்ரமா முழுநீளத் தொகுப்பு எதையும் சந்தைக்குக் கொண்டுவராமலே, கல்லூரி விழாக்களின் பலத்தில் முப்பதாண்டுகளைக் கடந்தது. இவ்விரண்டும் நீடித்தன, தொகுப்புச் சந்தையை நம்பிய சில்க் ரூட் நீடிக்கவில்லை.

இணையம் வந்தபின் நிலை ஓரளவு மாறியது. 2009 அளவில் தில்லியில் உருவான பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ., சண்டிகரில் தோன்றித் தில்லியை மையமாக்கிக்கொண்ட தி லோக்கல் டிரெயின் போன்ற குழுக்கள், இசைத் தொலைக்காட்சியின் தயவின்றியே தம் கேட்போரைக் கண்டடைந்தன. இந்தியில் தனிமனத்தின் துயரத்தைப் பாடும் குழு என்பது இன்று வியப்புக்குரியதன்று. அந்த வழியில் முதலில் நடந்தவர்களுள் சில்க் ரூட்டும் ஒன்று என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

*

இந்திய வெகுமக்கள் இசை ஆய்வில் திரையிசை பெற்ற கவனத்தோடு ஒப்பிட்டால், இண்டிபாப் பற்றிய ஆய்வு சொற்பம். கிடைப்பவையும் பெரும்பாலும் பாடகர்களின் தனிவாழ்வு வரலாறுகளாகவே அமைகின்றன. இந்த எழுத்துமுறை, திரைத்துறை செய்ததையே ஆய்வுத்துறையிலும் திரும்பச் செய்கிறது: குழுவிலிருந்து ஒரு குரலை மட்டும் பிரித்தெடுக்கிறது.

மாற்று வழி கடினமானதன்று. ஒலிநாடா உறைகளில் அச்சிடப்பட்ட பெயர்ப்பட்டியல்கள், கல்லூரி விழா அறிக்கைகள், இசை இதழ்களின் பழைய பக்கங்கள், ஒலிப்பதிவுக்கூடப் பணியாளர்களின் நினைவுகள் ஆகியவை இன்னும் முற்றிலும் அழியவில்லை. ஆனால் ஒலிநாடாக்களின் காந்தப்பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது. பாடல்களை இன்று ஏந்தியிருக்கும் இணையத் தளங்களில் தாளக்கருவி வாசித்தவரின் பெயரும் குழல் ஊதியவரின் பெயரும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. உறை தொலைந்தால் பெயரும் தொலையும். திரைப்படத்துக்கு ஆவணக்காப்பகம் அமைத்த நாடு, திரைக்கு வெளியே பிறந்த ஒலிநாடா இசைக்கு அவ்வாறான பொதுக்காப்பகம் எதையும் அதே அளவில் அமைக்கவில்லை.

‘டூபா டூபா’ ஒலிக்கும்போது கேட்பது ஒரு குரல் மட்டுமன்று. குரல் ஓய்ந்து நிற்கும் இடங்களில் அப்பாடலை ஏந்திச் செல்பவை கிதாரும் தாளமும் குழலும். மோகித் சௌகான், அதுல் மித்தல், கெம் திரிவேதி, கென்னி பூரி: தில்லி இசையைப் பற்றி இனி எழுதப்படும் பக்கங்களில் இந்நான்கு பெயர்களும் சேர்ந்தே இடம்பெற வேண்டும்.